ஏறுமாடத்தில் ஓர் இரவு



பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. நம் குடும்பங்களிலோ பயணம் என்பது திருமணம், மய்யித்து வீடு, மருத்துவமனை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. மத்ரஸா ஆசிரியரின் வருமானத்தில் மற்றவற்றுக்கு இடமும் குறைவு. ஆயினும், 2022 டிசம்பரில் அரையாண்டு விடுமுறையின்போது மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கூடலூர் வழியாக வயநாட்டின் மேப்பாடிக்குச் சென்றேன்.

மேப்பாடியை அடுத்த தேயிலைத் தோட்டங்களைக் கடந்தால் சூச்சிப்பாறை அருவி. சூரல்மலைப் பக்கமிருந்து வரும் ஆறு, காட்டுக்குள் மூன்று அடுக்குகளாகப் பாறையிலிருந்து இறங்கி, பின்னர் சாலியாற்றோடு கலக்கிறது. அருவியை அடையப் படிகளில் வெகுதூரம் இறங்க வேண்டும். மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது நபித்தோழர்களின் வழக்கம் என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. வகுப்பில் பலமுறை நடத்திய பாடம் அது. இறங்கும்போது என் மகன் படிக்கு ஒரு ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொன்னான். திரும்பி ஏறும்போது பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. தக்பீர் மட்டும் நிற்கவில்லை.

அன்றிரவு நாங்கள் தங்கியது ஒரு மர வீட்டில். மலையாளத்தில் அதனை ஏறுமாடம் என்பர். யானையிடமிருந்தும் காட்டுப் பன்றியிடமிருந்தும் விளைச்சலைக் காக்க, பழங்குடியினரும் உழவரும் மரத்தின் மேல் அமைத்துக் காவலிருந்த இடம் அது. நம் தமிழில் பரண். இப்பொழுது பயணிகளுக்காகப் பலகைத் தரையும் மூங்கில் சுவரும் வைத்துக் கட்டுகிறார்கள். எங்களுடையது தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் இருந்தது.

மேலே ஏறியதும் என் மனைவி செய்த முதல் வேலை, திண்ணையைச் சுற்றியிருந்த மூங்கில் தடுப்பை ஒவ்வொரு கம்பாக ஆட்டிப் பார்த்ததுதான்.

“அத்தா, தங்குற இடத்துல ஓதுற துஆவைத்தான் ஓதிட்டோமே! அம்மா ஏன் இன்னும் கம்பை ஆட்டுறாங்க?” என்று மகன் கேட்டான்.

தடுப்பில்லாத மாடியில் இரவில் உறங்குபவர், தமக்குரிய பாதுகாப்பைத் தாமே கைவிட்டவராகிறார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. அதை அவனுக்கு விளக்கினேன். ஓரிடத்தில் தங்கும்போது படைப்புகளின் தீங்கிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடக் கற்றுத்தந்த அதே நபி (ஸல்) அவர்கள்தாம், மாடிக்குத் தடுப்பு வேண்டும் என்றும் கற்றுத்தந்தார்கள். துஆவும் தடுப்பும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. தவக்குல் என்பது இரண்டும் சேர்ந்தது.

வாளியில் ஏற்றிய நீரில் சிக்கனமாக உளூச் செய்து மக்ரிபை நிறைவேற்றினோம். இஷாவைக் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதோம். ருகூவில் குனிந்தபோது மரம் காற்றில் மெல்ல அசைந்தது. விளக்கை அணைத்தபின் சில்வண்டும் தொலைவில் நீரோசையும் மட்டுமே. அனைத்துப் பொருள்களும் அவனைத் துதிக்கின்றன, அத்துதியை நாம்தாம் உணர்வதில்லை என்னும் இறைவசனத்தின் பொருள் அவ்விருளில் நெஞ்சில் இறங்கியது.

2024 ஜூலை 30. நள்ளிரவு கடந்த வேளையில் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களின் மேல் மலை சரிந்தது. இரண்டு நாள்களில் 500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்த மழையால் மண்ணும் பாறையும் ஆற்றின் வழியே பாய்ந்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முண்டக்கைப் பள்ளிவாசலில் பணியாற்றி வந்த உஸ்தாதும் அவர்களுள் ஒருவர். உடல்கள் சூச்சிப்பாறையையும் கடந்து, நிலம்பூரில் சாலியாற்றங்கரையில் கிடைத்தன. அடையாளம் தெரியாதோரைப் புத்துமலையில், எல்லாச் சமயத்தாரும் பிரார்த்திக்க, எண்ணிட்ட மண்ணறைகளில் அடக்கம் செய்தனர்.

எங்களை அருவிக்கு ஜீப்பில் அழைத்துச் சென்றவர் சூரல்மலைக்காரர். நான்கு நாள்கள் அவருடைய கைபேசி ஒலிக்கவில்லை. ஐந்தாம் நாள் அவரே அழைத்தார். தாம் நலம் என்றார். அண்ணன் குடும்பத்தில் எவரும் இல்லை என்றார்.

அந்த வாரம் மத்ரஸாவில் ஒரு மாணவி எழுந்து, “ஹஜ்ரத், அவங்க என்ன பாவம் செஞ்சாங்க? இது தண்டனைன்னு எங்க வீட்டுல பேசிக்கிறாங்களே?” என்று கேட்டாள். அக்குழந்தையின் வீட்டில் மட்டுமன்று, பல வீடுகளில் அப்பேச்சு நடந்தது. நீரில் மூழ்கி இறப்பவரையும் இடிபாட்டில் சிக்கி இறப்பவரையும் ஷஹீத்களின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அல்லாஹ்வின் தூதர் ஷஹீத் என்றவரை நாம் குற்றவாளி என்பதா? கருமேகம் கண்டால் நபியவர்களின் முகம் மாறும். அது வேதனையைக் கொண்டு வருமோ என அஞ்சி, உள்ளும் வெளியுமாக நடப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அவர்கள் தம்மையும் தம் மக்களையும் எண்ணி அஞ்சினார்கள். நாமோ பாதுகாப்பான ஊரில் அமர்ந்து பிறருக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

‘எல்லாம் விதி’ என்று கூறிக் கடந்துவிடவும் கூடாது. மாடிக்குத் தடுப்புப்போல மலைக்குத் தடுப்பு அதன் காடு. 2011இல் மாதவ் காட்கில் தலைமையிலான குழு, இவ்வூர்கள் அடங்கிய வைத்திரி தாலுகாவை மிகுந்த பாதுகாப்பு தேவைப்படும் முதல் மண்டலத்தில் வைத்தது. மனிதர்களின் கரங்கள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் கேடு தோன்றியதாகக் குர்ஆன் எச்சரிப்பது, கம்பை ஆட்டிப் பார்க்கும் பொறுப்பு நமக்கும் உண்டு என்பதைத்தான். ஆனால் அந்தக் கரங்கள் பெரும்பாலும் அங்கே உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளியின் கரங்கள் அல்ல.

சகோதர சகோதரிகளே, பிள்ளைகளை மலைக்கும் அருவிக்கும் அழைத்துச் செல்லுங்கள். படைத்தவனின் வல்லமையைக் காட்டுங்கள். மழைக்கால எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். நாம் ஓரிரவு தங்கித் திரும்பும் மலையில் ஆண்டு முழுவதும் வாழ்வோரை உங்கள் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! அவ்விரவில் இறந்தோருக்கு ஷஹீத்களின் நற்கூலியை வழங்குவாயாக! எஞ்சியோருக்கு வீட்டையும் பொறுமையையும் தருவாயாக! ஆமீன்.