நானாவின் புத்தகத்தில் இல்லாத பக்கம்

எங்கள் வீட்டில் ஒரு படப் புத்தகம் இருக்கிறது. நானாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவருடைய டீச்சர் செய்து கொடுத்தது. நானாவுக்கு ஓட்டிசம், பேச்சு வராது. பால், பிஸ்கட், பந்து, ஊஞ்சல் என்று சிறு படங்கள் அதில் ஒட்டியிருக்கும். வேண்டியதைக் கழற்றி எங்கள் கையில் தருவார். அதுதான் அவருடைய பேச்சு. இப்படிப் படம் கொடுத்துப் பேசும் முறையை 1985இல் அமெரிக்காவில் அன்டி பொண்டி, லோரி ஃப்ரொஸ்ட் என்ற இருவர் உருவாக்கினார்கள் என்று பின்னர் படித்தேன்.

நானாவுக்கு இப்போது 22 வயது. ஹட்டனில் வாப்பாவின் கடையில் பருப்பும் சீனியும் பைகளில் போட்டுக் கட்டுவார். வெள்ளிக்கிழமைகளில் தொப்பி போட்டுக்கொண்டு வாப்பாவுடன் பள்ளிக்குப் போவார். புத்தகம் மட்டும் மாறவில்லை.

கடந்த ஜூலை மழையில் இரண்டு நாட்கள் அவர் தலையைச் சுவரில் மோதிக்கொண்டார். பால் படத்தைத் திரும்பத் திரும்ப என் கையில் வைத்தார். உம்மா பால் காய்ச்சிக் கொடுத்தார், தட்டிவிட்டார். "இவனுக்குப் பிடிவாதம் கூடிட்டுது" என்று நானும் சொன்னேன். மூன்றாம் நாள் கன்னம் வீங்கியபோதுதான் கடைவாய்ப் பல் பழுதாகியிருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கினார்கள்.

அன்றிரவு அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு சிறுவன் கோப்பையை வாயில் வைத்திருக்கிறான். முழுப் புத்தகத்திலும் வாய் தெரிகிற படம் அது ஒன்றுதான். நானா பால் கேட்கவில்லை. வாயைக் காட்டியிருக்கிறார்.

ஏழு வயதுச் சப்பாத்தை 22 வயதில் போடு என்று யாரும் சொல்வதில்லை. ஏழு வயதுச் சொற்களோடு மட்டும் அவரை விட்டுவிட்டோம்.

2022இல் உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏதாவதொரு துணைச் சாதனம் தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் அதிகம். ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. நானா எந்தக் கணக்கில் சேர்வார்? கிடைத்தது, ஆனால் போதவில்லை.

சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்ற செயலியில் படத்தைத் தொட்டால் அது தமிழில் பேசும். டெப்லட் வாங்க இப்போதைக்கு எங்களுக்கு வசதியில்லை. ஆகவே போனில் படம் எடுத்து, அச்சிட்டு, ஈரத்துக்குப் பழுதாகாமல் லெமினேட் செய்தேன். வலி, பல், வயிறு, சவரம், கடை, பள்ளி, 'தனியாக இருக்க வேண்டும்', 'வேண்டாம்' என்று புதிய பக்கங்கள்.

கடைக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்து அக்கா ஒருவருக்கும் பேசாத மகன் இருக்கிறான். வயது ஆறு. அவர் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பாட்டிதான் பார்த்துக்கொள்வார். அவனுக்கும் ஒரு புத்தகம் செய்தேன். அதில் அவனுடைய லயம், பீலித் தண்ணீர், ரொட்டி, அம்மாவின் கூடை எல்லாம் இருக்கின்றன.

"இவன் பெரியவனானா இது போதுமா, தங்கச்சி?" என்று கேட்டார்.

"போதாது அக்கா. வருஷா வருஷம் புதுப் பக்கம் சேர்க்கணும்" என்றேன். என் பிழையிலிருந்து கற்றது அது.

நேற்று மாலை பனி இறங்கியது. நானாவுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடப் போனேன். அவர் புத்தகத்தைப் புரட்டி, 'வேண்டாம்' படத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். நல்ல குளிர்தான். ஆனாலும் ஸ்வெட்டரை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.