ஓர் ஆண்டின் ஏடு



ஹிஜ்ரி 1446-ஆம் ஆண்டு விடைபெற்று, 1447 பிறந்தது. நம் நாட்டுப் பிறைக் கணக்கின்படி 2024 ஜூலை 8 முதல் 2025 ஜூன் 26 வரை 354 நாள்கள். அந்த 354 நாள்களும் என் மேசையில் ஒரு நீளக் கணக்கேடு இருந்தது. நாளுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு கட்டங்கள். ஃபஜ்ரு ஜமாஅத், குர்ஆன் இரண்டு பக்கம், கடற்கரை நடை, அரபுத் தமிழ் வாசிப்பு, உறவினருடன் பேச்சு, தர்ம உண்டியல். நிறைவேறியதற்கு ஒரு கோடு. நிறைவேறாததற்கு வெறும் கட்டம். கடைக்காரர் ஆண்டு முடிவில் பேரேட்டைக் கூட்டிப் பார்ப்பதுபோல, முஹர்ரம் பிறந்த வாரத்தில் அதைக் கூட்டிப் பார்த்தேன். அதில் கண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நாள்தோறும் எழுதி வைப்பது புதுச்சேரிக்குப் புதிதன்று. 1736 செப்டம்பர் 6 அன்று இவ்வூர் வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாகவும் இருந்த அவர், 1761 ஜனவரியில் இந்நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன் இறக்கும்வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். துறைக்கு வந்த கப்பல், சரக்கு விலை, ஆளுநர் மாளிகைப் பேச்சு என எல்லாம் அதில் உண்டு. இன்று கடற்கரைச் சாலையின் தென்கோடியில் டூப்ளேயின் சிலையைக் கடந்து நடப்போரில் பலர், அவரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் எவ்வளவு ஒரு தமிழரின் ஏட்டிலிருந்து வந்தது என்பதை எண்ணுவதில்லை.

அந்த ஏடு ஊரைப் பார்த்து எழுதப்பட்டது. நம் முன்னோர் வலியுறுத்திய ஏடு வேறு. அது உள்ளத்தைப் பார்த்து எழுதப்படுவது. நாளைக்காக எதை முற்படுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளுமாறு ஹஷ்ர் அத்தியாயத்தின் 18-ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன்னரே நம்மை நாமே கணக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் அறிவுரை. இதற்கு முஹாசபா என்று பெயர். ஹிஜ்ரி 243-இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாசிபீ (ரஹ்) அவர்களுக்கு அந்தச் சிறப்புப்பெயர் வந்ததே இப்பழக்கத்தால்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கென ஒரு தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே அவர்கள் எடுத்தாளும் உவமை வணிகம். நஃப்ஸு என்பது வணிகத்தில் நம்முடைய கூட்டாளி. முதலில் அதனுடன் நிபந்தனை பேச வேண்டும். பகல் முழுதும் அதைக் கண்காணிக்க வேண்டும். இரவில் கணக்குப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கடல் வாணிகம் செய்த நம் கரையோரச் சமுதாயத்துக்கு இதைவிட எளிதில் விளங்கும் உவமை வேறில்லை.

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

குர்ஆன் கட்டமே எனக்கு மிகுந்த ஊக்கம் தந்தது. மதீனாப் பதிப்பில் 604 பக்கங்கள். ரமளானில் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நான்கு பக்கம் ஓதினால் நாளுக்கு இருபது பக்கம், ஏறத்தாழ ஒரு ஜுஸ்வு. இது நம் வீடுகளில் பலரும் அறிந்த கணக்கு. மற்ற மாதங்களைப் பற்றி நாம் அவ்வாறு எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு ரமளான் இங்கே 29 நாள்கள், எஞ்சியவை 325. நாளுக்கு இரண்டே பக்கம் ஓதினால் 302 நாளில் இன்னொரு முறை முழுக் குர்ஆனும் முடிந்துவிடும். பயணம், நோய், விருந்தினர் வருகை என 23 நாள்கள் விடுபட்டாலும் இடமிருக்கிறது. இரண்டு பக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. அரஃபா நாளன்று அந்த இரண்டாம் ஓதல் நிறைவுற்றது. குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள நபிமொழியின் பொருளை அன்று என் ஏட்டிலேயே கண்டேன்.

நடை 168 நாள்கள். மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. ஃபஜ்ரு முடித்து நேரே கடற்கரைக்குச் செல்வோருக்கு இது பெரிய வசதி. ரமளானில் அந்தக் கட்டம் வெறுமையானது. பக்கத்துக் குர்ஆன் கட்டம் நிறைந்தது. ஒன்று குறைந்த இடத்தில் இன்னொன்று கூடியிருப்பதை ஏடு இல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன்.

உறவினர் கட்டத்தில் கோடுகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே விழுந்தன. இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றைப்போல எங்களுக்கும் பிரான்சில் சொந்தங்கள் உண்டு. கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி நேர வேறுபாடு. இங்கே இஷா முடியும்போது அங்கே பிற்பகல். எல்லோரும் வேலையில் இருப்பார்கள். உறவைச் சேர்ந்து வாழ்வதற்கும் நேரம் பார்த்து இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

ஜமாதுல் அவ்வல் மாதக் கடைசியில் மூன்று வரிகள் முழுவதும் வெறுமை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. பல குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்து, மக்களை மீட்க இராணுவம் வந்தது. அந்த மூன்று நாள்களும் தெருவில் ஒருவருக்கொருவர் உணவும் குடிநீரும் சுமந்தோம். அதற்கு என் ஏட்டில் கட்டம் இல்லை.

கட்டத்துக்குள் அடங்காதது வேறொன்றும் நிகழ்ந்தது.

அரபுத் தமிழ் கற்பதை நான் ஒரு பொழுதுபோக்காகவே தொடங்கினேன். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்றோர் அதில் மார்க்க நூல்கள் எழுதினார்கள். நம் பெண்கள் பலர் மார்க்கம் பயின்றது அவ்வெழுத்தில்தான். எண்பதை எட்டும் என் தாயாரும் அவர்களில் ஒருவர். அஸருக்குப் பின் அவர்கள் விரல் வைத்துக் காட்ட, நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

ரபீஉல் ஆகிரில் அவர்களுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலக்கை செயலற்றது, பேச்சுக் குழறியது, எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அறுபது ஆண்டுகளாக ஃபஜ்ருக்குப் பின் யாஸீன் ஓதி வந்தவர்கள். ஒருநாள் என் ஏட்டைப் பார்த்தவாறு சொன்னார்கள்: "என் யாஸீன் நின்னு போச்சே தம்பி. இனி என் ஏட்டுல என்ன எழுதுவாங்க?"

அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியில் இடம்பெற்ற நபிமொழியை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, உடல்நலத்துடன் ஊரில் இருந்தபோது அவன் வழக்கமாகச் செய்துவந்த அமல் அவனுக்கு அவ்வாறே எழுதப்படும். "அப்போ எழுதுறாங்களா?" என்று கேட்டார்கள். "எழுதுறாங்கம்மா" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பழைய நூலை எடுத்துவந்து வாசிக்கச் சொன்னார்கள். அன்று முதல் வாசிப்பவன் நான், கேட்பவர் அவர்கள். நான் ழகரத்தைத் தவறவிட்டால் இடக்கை விரல் உயரும்.

இந்த வெளிச்சத்தில்தான் ஃபஜ்ரு கட்டத்தை எண்ணினேன். ஜமாஅத்துக்குச் சென்றது 219 நாள். வீட்டில் தொழுதது 135. அவற்றுள் 97 நாள்கள், இரவெல்லாம் அவர்கள் உறங்காதிருந்து, விடியலில் தனியே விட்டுச் செல்ல இயலாத நாள்கள். ஏட்டில் அவை வெறும் கட்டங்கள். எழுதுவோரான அந்த மலக்குகளின் ஏட்டில் எப்படியோ, அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

ஏடு வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. தன்னை மறந்து நாள் கடத்துவதற்கு அது நல்ல தடை. இப்போது இதற்கெனக் கைப்பேசிச் செயலிகள் பல வந்துவிட்டன. தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று பதக்கம் காட்டி, பிறருடன் பகிரச் சொல்கின்றன. வணக்கத்தின் எண்ணிக்கை பிறர் கண்ணுக்குப் போகும் இடத்தில் ரியா நுழைய வழி பிறக்கிறது. ஆகவே இவ்வழக்கத்தைத் தொடங்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில சொற்கள்: ஏட்டை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் ஏட்டை இன்னொரு பிள்ளையிடம் காட்டி ஒப்பிடாதீர்கள். மூன்று கட்டங்களுக்கு மேல் வேண்டாம். வெறும் கட்டம் விழுந்தால், அருகில் ஒரு சொல்லில் காரணம் எழுதுங்கள். "புயல்", "உம்மா", "சோம்பல்" ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஆண்டு முடிவில் எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்தச் சொல்லே காட்டும்.

புதிய ஆண்டுக்கு நான் வைத்திருப்பது மூன்றே கட்டம்: தொழுகை, இரண்டு பக்கம், தாயாருடன் அரை மணி.

யா அல்லாஹ், சென்ற ஆண்டில் எங்களிடமிருந்து நிகழ்ந்த நல்லவற்றை ஏற்றுக்கொள்வாயாக. நோயுற்றிருக்கும் பெற்றோருக்குச் சுகமளிப்பாயாக. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பிள்ளைகளுக்குப் பொறுமையைத் தருவாயாக. எங்கள் ஏடுகளை வலக்கரத்தில் வாங்கும் நற்பேற்றை எங்கள் அனைவருக்கும் அருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.