ராஜாஜி எந்தப் பக்கம்?

ஒருவர் ஒரு வரி எழுதினால் போதும், உடனே "சங்கி", "கம்மி" என்று முத்திரை குத்திவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

1789இல் பிரெஞ்சு சபையில் அரசரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் வலப்பக்கமும் எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். வலது, இடது என்ற பிரிவின் தொடக்கம் அவ்வளவுதான்.

தி.நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜியை எந்தப் பக்கம் உட்காரவைப்பீர்கள்? கம்யூனிஸ்ட்டுகளே தன் முதல் எதிரி என்று 1952இல் அறிவித்தவர். 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, லைசென்ஸ் பெர்மிட் ஆட்சியை எதிர்த்தவர். பொருளாதாரத்தில் சந்தேகமில்லாத வலதுசாரி. ஆனால் 1939இல் ஆலயப் பிரவேசச் சட்டம் கொண்டுவந்தவரும் அவர்தான். 1962இல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி கென்னடியை நேரில் சந்தித்தவரும் அவர்தான்.

1967 தேர்தலில் அண்ணாவின் கூட்டணியில் சுதந்திரா கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்றாக நின்றன. காங்கிரஸ் ஆட்சி போனது.

பொருளாதாரம், சாதி, மதம், மொழி எல்லாம் தனித்தனிக் கேள்விகள். ஒருவரை வலது, இடது என்று சொல்லுமுன் ஒவ்வொன்றிலும் அவர் நிலைப்பாடு என்ன என்று தயவுசெய்து கேளுங்கள்.