அன்னதான ரசத்துக்குப் பக்கத்துல எலுமிச்சை எதுக்கு?

 

ரெண்டு மூணு வாரமா வெள்ளிக்கிழமை அன்னதானத்துல ஒரே கேள்வி. "என்ன அண்ணே, இலை ஓரத்துல எலுமிச்சம்பழத்த வெட்டி வைக்கிறீங்க? அண்டாவுலயே பிழிஞ்சி விட்டா வேலை முடிஞ்சிதே?" பந்தி நடக்கும்போது நின்னு பதில் சொல்ல முடியல. அதனால இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

வீட்டுல எலுமிச்சை ரசம் வைக்கிறவங்களுக்குத் தெரியும், அடுப்பை அணைச்சி கொதி அடங்கின பிறகுதான் சாறு விடணும். வாசம் பெரும்பாலும் தோல்ல உள்ள எண்ணெயிலதான் இருக்கு, சூட்டுல அது பறந்துடும். கொதிக்க விட்டா கசப்பு தட்டும். விதை உள்ள விழுந்துட்டா கேக்கவே வேணாம். வீட்டுல இறக்கின பத்து நிமிஷத்துல சாப்பிட்டுடுவோம். கோயில் அண்டா அப்படி இல்லையே! 11 மணிக்கு இறக்கினா கடைசிப் பந்திக்கு 1.30 ஆகுது, நடுவுல ரெண்டு தடவை சூடு பண்றோம். முதல் பந்திக்கு மணந்த ரசம் கடைசிப் பந்திக்கு வெறும் கசப்பு. கடைசிப் பந்தியில உட்கார்றது யாரு? பரிமாறின பிள்ளைங்களும், ராகு காலத்துல துர்க்கைக்கு விளக்கு போட்டுட்டு மெதுவா நடந்து வர்ற வயசான அம்மாமாரும்தான்.

அந்த அம்மாமார்தான் முக்கியக் காரணம். பல பேர் ரசத்தை ஒரு வாய் குடிச்சிட்டு ஓரமா வச்சிடுவாங்க. ஒருநாள் ஒரு அக்காகிட்ட கேட்டேன். "உப்பு தம்பி, கிளினிக்குல திட்டுறாங்க"ன்னாங்க. நம்ம நாட்டுல பெரியவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு ரத்தக் கொதிப்பு இருக்குன்னு சுகாதார அமைச்சு ஆய்வே சொல்லுது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல வேணாம்ங்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தோட கணக்கு, அதாவது ஒரு தேக்கரண்டி. சோறு, குழம்பு, கூட்டு, ரசம், அப்பளம், ஊறுகாய்னு ஒரே இலையில நாம எவ்வளவு போடுறோம், நீங்களே யோசிங்க.

சமையல்கட்டுல பேசி உப்பைக் குறைச்சோம். உடனே "ரசம் சப்புனு இருக்கு"ன்னு புகார். புளிப்பு பட்டா நாக்குக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாத் தெரியும், அதனால பழம் வெட்டி வச்சோம். புகார் குறைஞ்சிடுச்சி. வேணுங்கிறவங்க பிழிஞ்சிக்கிறாங்க, வேணாங்கிறவங்க விட்டுடுறாங்க. இது ஒண்ணும் புது யோசனை இல்ல. மீ ரெபுஸ் வாங்கினா பாதி லீமாவ் கஸ்தூரி தட்டுல வருதே, அதேதான். (சூப்பு கடையைப் பத்தி கோயில் பதிவுல நான் பேசப் போறதில்ல.)

சில பெரியவங்களுக்கு இது பிடிக்கல. அம்மனுக்கு மாலை கட்டுற பழத்தை சோத்துல பிழியலாமான்னு கேட்டாங்க. கேள்வி நியாயம்தான். ஐயர்கிட்ட பேசி ஒரு முறை வச்சிருக்கோம். சமையலுக்குப் பழம் தனியா சந்தையில வாங்குறது, தனிக் கூடை. மாலையில இருந்து எடுக்குற பழம் பிரசாதமா உங்க கைக்குத்தான் வரும். அதைக் கார்ல முன்னால வச்சிக் காய விடாம வீட்டுக்குக் கொண்டு போய் ஜூஸ் போட்டுக் குடிங்க. விளக்கு போட்ட பழம், திருஷ்டி கழிச்ச பழம், வண்டிச் சக்கரத்துக்கு வச்ச பழம் எதுவும் சமையல்கட்டு வாசலையே தாண்டாது.

வெட்ட வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த உடனே வெட்டாதீங்க, சாறு வராது. காலையிலயே வெளிய எடுத்து வச்சி, உள்ளங்கையால மேசையில நல்லா உருட்டுங்க. பெரிய பழம்னா நெட்டு வாக்குல நாலா வெட்டி, நடுவுல உள்ள வெள்ளை நரம்பைச் சீவி விடுங்க. பிழியும்போது அடுத்தவங்க கண்ணுல அடிக்காது. கஸ்தூரியை இடுப்புல குறுக்கா வெட்டணும், விதை தெரியும், கத்தி நுனியால எடுத்துடலாம். அலுமினியத் தட்டு வேணாம், எவர்சில்வர்ல வச்சி ஈரத்துணி போட்டு மூடுங்க. முதல் நாளே வெட்டி வைக்கிற வேலை மட்டும் வேணவே வேணாம்.

ரசம், பருப்பு, காய்கறி சூப்பு இதுக்கெல்லாம் எடுப்பா இருக்கும். வத்தக் குழம்புக்கும் மோர்க் குழம்புக்கும் பிழியாதீங்க, ஏற்கெனவே உள்ள புளிப்போட சண்டை போடும். அது என் நாக்கு சொல்றது, உங்களுக்குப் பிடிச்சா தாராளமா பிழிஞ்சிக்குங்க.

200 பேருக்கு ஆளுக்குக் கால் பழம்னா 50 பழம். வீட்டுல கஸ்தூரி மரம் வச்சிருக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, கீழ விழுந்து வீணாப் போறதையும் பாத்திருக்கேன். மரத்துல இருந்து பறிச்சதா, வியாழன் சாயங்காலம் பூசைக்கு வரும்போது ஒரு பை கொண்டு வந்து பின்பக்கம் சமையல்கட்டுல குடுங்க. வெட்டுறதுக்கு வெள்ளி காலை 10 மணிக்கு நாலு பேர் வேணும். கத்தி நாங்க தர்றோம்.