ஸ்ட்ரெச்சிங் மட்டும் போதுமா? ஒரு டாக்டரின் குதிகால் சொன்ன பதில்

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே ஈ.சி.ஆரில் சைக்கிள்கள் வந்துவிடும். பலர் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுவார்கள். சிலர் கல்பாக்கம், புதுப்பட்டினம் வரை மிதிப்பார்கள். டிரையத்லானுக்குத் தயாராகிறவர்களுக்கு அதுவும் போதாது. ஒலிம்பிக் தூரமே 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். மூன்றையும் தொடர்ந்து முடிக்க வேண்டும்.

மூன்று விளையாட்டுக்கே நேரம் போதாதபோது, தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சிதான் முதலில் அடிபடும். ஓடி முடித்ததும் காலை இரண்டு முறை நீட்டி மடக்கினால் கடமை முடிந்தது! பிறகு முழங்கால், குதிகால், தோள்பட்டை என்று வலி வரும்போதுதான் கவலை.

2014-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஓர் அலசல் வெளியானது. 25 ஆய்வுகள், 26,610 பேர். ஸ்ட்ரெச்சிங் காயத்தைத் தடுத்ததாக அதில் தெரியவில்லை. வலுப் பயிற்சி செய்தவர்களுக்கோ காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தன. அதற்காக ஸ்ட்ரெச்சிங்கை விட்டுவிட வேண்டியதில்லை. தோள் இறுகியிருந்தால் நீந்தும்போது கை முழுதாக நீளாது. ஆனால், அது மட்டும் போதாது.

ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனின் கதை சுவாரஸ்யமானது. ஓட்டக்காரரான அவருக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் தீராத வலி. ஆபரேஷன் செய்யச் சொன்னார், மேலதிகாரி மறுத்துவிட்டார். அறுந்தால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலுக்குப் பயிற்சி கொடுத்தார். அறுபடவில்லை, வலிதான் போனது! பிறகு ஆபரேஷனுக்குக் காத்திருந்த 15 பேரிடம் இதைச் சோதித்தார். 12 வாரத்தில் 15 பேரும் மறுபடி ஓடினார்கள். 1998-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

இதற்கு ஜிம் வேண்டாம், வீட்டு மாடிப்படி போதும். படியின் ஓரத்தில் முன்பாதத்தை வைத்து நின்று, ஒரு குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே வர மற்ற காலை ஊன்றிக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு 15 முறை, மூன்று சுற்று. பழகியதும் முதுகில் பையை மாட்டிப் பாரம் கூட்டலாம். வலி இல்லாதவர்கள் வாரத்தில் இரண்டு நாள் செய்தாலே நல்லது. கூடவே தொடைக்கு ஸ்குவாட், இடுப்புக்கு பிரிட்ஜ், தோளுக்கு ரப்பர் பேண்ட். ஓடும்போது குதிகாலில் 'பட்'டென்று சத்தம் கேட்டால் மட்டும் படிப்பக்கம் போகாமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும்.