முன்னொட்டாக ஒரு தலைநகரம்: டெல்லி கணேஷும் தில்லித் தமிழ் மேடையும்

2024 நவம்பர் 9 இரவு சென்னையில் நடிகர் டெல்லி கணேஷ் காலமானார். அகவை எண்பது. அஞ்சலி செலுத்த வந்த திரையுலகினருக்கிடையே இந்திய விமானப் படையினரும் வந்திருந்தனர்; உடலின் மீது படையின் கொடி போர்த்தப்பட்டது. சாம்பாரில் விழுந்த மீனும் பாலக்காட்டுத் தமிழும் நினைவில் எழ, தொலைக்காட்சியில் அக்காட்சியைக் கண்ட பலருக்கு அந்தக் கொடி ஒரு வியப்பு. நானூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் கண்டு பழகிய முகத்துக்குப் பின்னால் பத்தாண்டுப் படைச் சேவை இருந்தது என்பதைத் தமிழ்நாடு அன்றுதான் ஒருவாறு நினைவுகூர்ந்தது. அவர் பெயருக்கு முன் நின்ற சொல் நாற்பத்தேழு ஆண்டுகளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் என்பதால் அதன் பொருளை எவரும் கேட்கவில்லை.

தமிழ் நகைச்சுவை நடிகர்களின் முன்னொட்டுகளைத் தொகுத்தால் அதுவே ஒரு சிறு நாடக வரலாறாகும். ‘காத்தாடி’ ராமமூர்த்திக்கு அப்பெயர் சோவின் மேடை நாடகத்தில் ஏற்ற வேடத்திலிருந்து வந்தது. ‘தேங்காய்’ சீனிவாசனுக்கும் மேடை வேடமே பெயர் தந்தது. ‘வெண்ணிற ஆடை’ மூர்த்திக்கு 1965இல் வெளிவந்த முதற்படம் பெயராயிற்று. வேடம், படம், ஒரு வசனத் துணுக்கு ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் முன்னொட்டாக ஒட்டிக்கொள்ளும். ஊர்ப்பெயர் ஒட்டுவதாயின் அது பிறந்த ஊராக இருப்பதே தமிழ் மரபு. அவ்வாறு நேர்ந்திருந்தால் இவர் வல்லநாடு கணேசன் ஆகியிருப்பார். 1944 ஆகஸ்ட் 1 அன்று அவர் பிறந்தது தாமிரபரணிக் கரையோரம் உள்ள வல்லநாட்டில். அன்றைய திருநெல்வேலி மாவட்டம், இன்றைய தூத்துக்குடி மாவட்டம். அந்த ஊரை விட்டுவிட்டு, அவர் பணி நிமித்தம் வாழ்ந்து, பின் விட்டு வந்த ஊரைப் பெயராக்கியவர் இயக்குநர் கே. பாலசந்தர். இலக்கியத் தமிழ் ‘தில்லி’ என்றே எழுதிவந்த நகரம், திரையெழுத்தில் ‘டெல்லி’ ஆகி ஒரு மனிதரின் அடையாளமாயிற்று.

கணேசன் விமானப் படையில் சேர்ந்தது 1964இல். மறு ஆண்டு தமிழகம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் கொந்தளித்தது. இரண்டாண்டுகள் கழித்து ஆட்சியே மாறியது. அவர் சேவையிலிருந்த காலத்துக்குள் 1965, 1971 ஆகிய இரு போர்கள் வந்துபோயின. ஊரில் ஒரு தலைமுறை இந்தியை மறுத்து நின்ற ஆண்டுகளில், படையிலும் நடுவணரசு அலுவலகங்களிலும் பணிபுரிந்த தமிழர்கள் அம்மொழியைச் சம்பளத்தோடு சேர்த்துப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். பகலில் கோப்பும் இந்தியும், மாலையில் தமிழும் சங்கீதமும் நாடகமும் என்ற இரட்டை வாழ்க்கை அது. 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம், தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள், கரோல் பாக் தெருக்கள், பின்னர் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் எழுந்த மலை மந்திர் என இந்த வாழ்க்கைக்கு அடையாளங்கள் பல. இவற்றுள் மிகக் குறைவாகப் பதிவானது நாடகம்.

அங்கே நாடகம் யாருக்கும் தொழிலன்று. எழுத்தர், கணக்கர், ஆசிரியர், படைவீரர் என அலுவலகம் முடிந்து கூடுவோரே நடிகர்கள். ஒத்திகை யாரோ ஒருவரின் அரசுக் குடியிருப்பில். இடமாற்ற ஆணை வந்துவிட்டால் ஒரு கதாபாத்திரமே ஊரை விட்டுப் போய்விடும். ஒரு நாடகம் ஒன்றிரண்டு முறை மேடையேறுவதே அரிது. பார்ப்பவர்களோ மறுநாள் காலை அதே பேருந்தில் அருகில் அமரப்போகிறவர்கள். இத்தகைய பயில்முறை அரங்கின் ஒரு பெயர் தட்சிண பாரத நாடக சபா. கணேசன் என்ற விமானப் படை வீரர் நடிகரானது அந்தச் சபையில்தான்.

இவ்வகையில் அவர் முதலாமவர் அல்லர். அவருக்கு ஒரு தலைமுறை முன்னரே பூர்ணம் விசுவநாதன் அதே நகரில் அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். 1947இல் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. பின்னாளில் சென்னை மேடையிலும் திரையிலும் தந்தையாக, அதிகாரியாக, பொறுமையிழக்கும் முதியவராக அவர் பெற்ற இடம் யாவரும் அறிந்தது. விசுவநாதன், கணேஷ் இருவரின் நடிப்பையும் அடுத்தடுத்துப் பார்ப்போருக்கு ஓர் ஒற்றுமை புலப்படும். இருவரும் குரலால் நடித்தவர்கள். சபா நாடக மேடையில் ஒலிவாங்கிகள் மேலிருந்து தொங்கும். அவற்றின் எல்லைக்குள் நின்று, கடைசி வரிசைக்கும் எட்டும்படி, சொல் சிதையாமல் பேச வேண்டும். முக நுணுக்கம் பத்தாவது வரிசையைத் தாண்டாது. சொல்லின் ஏற்ற இறக்கமும், சொல்லுக்கு முன் விடும் இடைவெளியும் மட்டுமே தாண்டும்.

அதே தில்லியில், அதே ஆண்டுகளில், வேறோர் அரங்கம் வரலாறாகிக்கொண்டிருந்தது. தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர் இப்ராகிம் அல்காஸி 1970களின் தொடக்கத்தில் கிரீஷ் கார்னாடின் ‘துக்ளக்’ நாடகத்தைப் பழைய கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே நிகழ்த்தினார். இந்திய நாடக ஆய்வில் அந்நிகழ்வுக்கு நிலையான ஓர் இடம் உண்டு. சில கிலோமீட்டர் தொலைவில் தமிழ் எழுத்தர்கள் வாடகை அரங்கில் நடத்திய நாடகங்களுக்கு அவ்விடம் இல்லை. தரத்தில் இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் மானியமும் பயிற்சிப் பள்ளியும் விமரிசகரும் இல்லாத ஓர் அரங்கு, அரை நூற்றாண்டு தமிழ்த் திரையில் நிலைத்த நடிகரை உருவாக்கியிருக்கிறது என்பது நாடக வரலாற்றுக்கு ஒரு பொருட்டாக வேண்டிய செய்தி.

1974இல் அவர் விமானப் படையை விட்டார். அரசுப் பணி என்பது ஒரு குடும்பத்தின் பல தலைமுறைக் கனவாக இருந்த காலத்தில், முப்பது வயதில், திரையில் ஒரு வேடமும் கையில் இல்லாமல் எடுத்த முடிவு அது. அவருக்கு நாயகனின் உயரமோ முகவெட்டோ இல்லை. நகைச்சுவையில் நாகேஷும், சோவும், தேங்காய் சீனிவாசனும் கோலோச்சிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் அவர் சேர்ந்த இடம் மீண்டும் மேடைதான்: காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தைப் பாலசந்தர் 1977இல் படமாக்கியபோது கணேசன் திரைக்கு வந்தார்; புதுப்பெயரும் உடன் வந்தது. கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டினத்தை நம்பி வந்து சிதறும் கதை அது. பட்டினத்தை நம்பி வந்த ஒருவருக்கு அது முதற்படமாக அமைந்தது தற்செயல்.

அவரை நகைச்சுவை நடிகர் என்று அழைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாகேஷுக்கு உடல் இருந்தது. கவுண்டமணிக்கு வசை இருந்தது. வடிவேலுக்கு அடி வாங்கும் கலை இருந்தது. டெல்லி கணேஷிடம் தனியே பிரித்துக் காட்டத்தக்க கோமாளித்தனம் எதுவும் இல்லை. 1990இல் வெளிவந்த ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தின் பாலக்காடு மணி ஐயரை எடுத்துக்கொள்ளலாம். கிரேசி மோகனின் வசனம் ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்ததைக் கொண்டுவரும் வேகம் உடையது. அந்த வேகத்துக்கு நடுவே மணி ஐயர் ஒருமுறைகூட வேடிக்கை காட்ட முயல்வதில்லை. கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுவது பார்ப்பவருக்கு வேடிக்கை. சமையல் தொழிலை மானமாகக் கருதும் மணி ஐயருக்கோ குலை நடுங்கும் பேரிடர். நகைச்சுவையை நகைச்சுவை என்று அறியாத ஒருவராக அவர் நிற்பதால்தான் எதிரில் நிற்கும் கமல்ஹாசனின் வரிகள் சிரிப்பாகின்றன. பந்தை அடிப்பவரைக் கூட்டம் பார்க்கிறது. அடிப்பதற்கேற்ற உயரத்தில் போட்டுத் தருபவரை ஆட்டக்காரர்கள் மட்டுமே அறிவார்கள். மேடைப் பழக்கம் இல்லாதவருக்கு இது எளிதில் கைவராது.

அந்தப் பாலக்காட்டுத் தமிழுக்கும் தில்லிக்கும் தொடர்பிருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு ஆகிய மூன்று தமிழ்களும் ஒரே தெருவில் புழங்கிய நகரம் தில்லி. திருநெல்வேலிக்காரர் ஒருவர் பிற வட்டாரங்களின் இழுப்பையும் குழைவையும் அன்றாடம் காதில் வாங்க அதைவிடப் பொருத்தமான இடம் அன்றைய தமிழ்நாட்டுக்குள்கூடக் கிடைத்திராது.

இன்னும் வெளிப்படையான தொடர்பு 1987இன் ‘நாயகன்’ படத்தில் உள்ளது. பம்பாயில் இந்தி அறியாத வேலு நாயக்கரின் சொற்களை மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயராக அவர் வருகிறார். மிரட்டுபவருக்கும் மிரட்டப்படுபவருக்கும் நடுவில், தன்னுடையதல்லாத துணிச்சலைத் தன் வாயால் சொல்லியாக வேண்டியவரின் தவிப்பு அது. வடக்கே பிழைக்கப்போன தமிழர்கள் பலரும் கடைவீதியிலும் அலுவலகத்திலும் ஏற்று நடித்த வேடம்தான். திரையில் அதை ஏற்றவருக்குப் பயிற்சி ஏற்கெனவே முடிந்திருந்தது.

சிரிப்புக்கு வெளியே அவர் செய்தவை பட்டியலில் பின்னுக்குப் போய்விட்டன. 1979இல் துரை இயக்கிய ‘பசி’ படத்தில் சேரியில் வாழும் ரிக்‌ஷாத் தொழிலாளித் தந்தையாக நடித்ததற்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ‘சிந்து பைரவி’யில் (1985) குடிப்பழக்கத்தால் கச்சேரி மேடையிலிருந்து விலக்கப்படும் மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி அவர். மிருதங்கமே இல்லாமல் பாடிக்காட்டும் பாடகர் பின்னர் அதே குடியில் வீழ்கிறார். அந்த வீழ்ச்சியின் கனம் குருமூர்த்தியின் அவமானத்தை முன்பே பார்த்திருப்பதால் வருவது. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் நால்வர் கூட்டு வில்லன்களில் ஒருவர். ‘எங்கம்மா மகாராணி’யில் நாயகன். ‘அவ்வை சண்முகி’யில் (1996) சேதுராம ஐயர். முதுமையில், பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் என்ற இணையக் காணொளி ஒன்றில் ஆல்ஃபிரட் ஆகவும் தோன்றி இளைஞர்களைச் சிரிக்கவைத்தார்.

இந்த வரிசையில் ஒரு சுருக்கமும் தெரிகிறது. சேரித் தந்தையில் தொடங்கிய வீச்சு, வெற்றி பெருகப் பெருக ‘ஐயர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டது. சமையற்காரர், கணக்கர், புரோகிதர், சபலம் கொண்ட குடும்பத் தலைவர் எனத் தொழில் மாறினாலும் பேச்சும் பூணூலும் மாறவில்லை. பிராமண வழக்கைக் கேட்டதும் சிரிக்கும் பழக்கத்தைத் தமிழ்த் திரை மேடையிலிருந்து பெற்றுக்கொண்டது. அப்பழக்கத்துக்கு இவர் பயனாளியும் கைதியும் ஆனார். இது அவர் குறையா, துணை நடிகரை ஒரு முறை பயன்படுத்திய வார்ப்பிலேயே மறுமுறையும் ஊற்றும் தொழிலின் குறையா என்பது விவாதத்துக்குரியது. நாயகர்கள் தம் வேடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாட்கணக்கில் ஊதியம் பெறுபவரை வேடம் தேர்ந்தெடுக்கிறது.

தமிழ்த் திரை குறித்த ஆய்வுகள் நாயக வழிபாடு, அரசியல், பாடல், இயக்குநர் என்ற தடங்களில் நன்கு வளர்ந்திருக்கின்றன. நானூறு படங்களில் நடித்த ஒருவரைப் பற்றி ஆய்வேடு எழுத முனையும் மாணவர் சந்திக்கும் முதல் தடை, திரைக்கு முந்தைய பத்தாண்டுகளுக்குச் சான்று திரட்டுவது. அக்காலத் தில்லித் தமிழர் வாழ்வை இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் புனைவில் எழுதியதால் அதன் அகம் பாதுகாக்கப்பட்டுவிட்டது. அந்த வாழ்வின் மாலை நேரங்களைச் சிரிக்கவைத்த மேடைக்கோ அச்சேறிய சான்று மிகக் குறைவு. அழைப்பிதழ், நுழைவுச் சீட்டு, ஒத்திகைப் படி, ஆண்டு மலர், கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஆகியவை இருந்தால் ஓய்வுபெற்ற குடும்பங்களின் பரண்களில் இருக்கக்கூடும். அக்குடும்பங்களில் பல தில்லியை விட்டுச் சென்னை, பெங்களூரு, கோவை எனக் குடிபெயர்ந்துவிட்டன. ஒவ்வொரு வீடு மாற்றத்திலும் முதலில் பழைய தாளுக்குப் போவது பரண்.

அந்தக் காலத்து நடிகர்களும் பார்வையாளர்களும் இன்று எண்பதை ஒட்டியவர்கள். தில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தமிழ் பயிலும் மாணவர்களுக்கு இது கைக்கெட்டும் தொலைவில் உள்ள களம். மெட்ரோவில் செல்லக்கூடிய களப்பணி. ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். யார் எந்த வேடம் போட்டார், எந்த அரங்கு, ஒலிவாங்கி எத்தனை, எந்த வரிக்குச் சிரித்தார்கள், விமானப் படைச் சீருடையை மாற்றிக்கொண்டு ஒத்திகைக்கு வந்த அந்த இளைஞர் எப்படிப் பேசினார் என்பதைக் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.