கொட்டாவி விட்டா எழும்புற கை

வினாயகபுரம்

அன்புத் தம்பிக்கு,

முன்வீட்டு அண்ணன் நாளைக்கு டோகாவுக்கு வாறார். கருவாட்டோட இந்தக் கடிதத்தையும் குடுத்து விடுறன். போனில சொல்ல வெளிக்கிட்டா நீ அழுவாய், உன்னக் கேட்டு அம்மாவும் அழுவா. அதாலதான் எழுதுறன்.

பாரிசவாதத்தில விழுந்த அப்பாக்குக் கால் வந்திட்டு. வேலி வரைக்கும் நடக்கிறார். இடது கைதான் பாரமாக் கிடக்கு. ஆனா போன செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து நடந்தது. விடியக் கதிரையில இருந்து கொட்டாவி விட்டார். அந்த இடது கை தானா எழும்பி நெஞ்சு வரைக்கும் வந்து, கொட்டாவி முடிய மெல்ல மெல்லத் தொடையில இறங்கிச்சு. அம்மா குசினியில இருந்து ஓடி வந்து, "இன்னொருக்காத் தூக்குங்க" எண்டா. அப்பா பல்லக் கடிச்சுக்கொண்டு தெண்டிச்சார். நெத்தி நரம்பு புடைச்சதுதான் மிச்சம், சுண்டுவிரல் கூட அசையல்ல. மாமி உடன, "மனுசன் நடிக்கிறார்" எண்டுட்டா. அப்பா அண்டைக்குச் சாப்பிடல்ல.

மறுகா, சாய்ந்தமருதில இருந்து வாற பிசியோதெரபித் தங்கச்சியிட்டக் கேட்டன். பாரிசவாதம் வந்த சில பேருக்கு இப்பிடி நடக்குமாம். நாம நினைச்சுத் தூக்கிற கட்டளை மூளைட மேல் மடிப்பில பிறக்குது. அங்கயிருந்து இறங்குற நரம்பு நார்கள் நூற்றுக்கு 85, 90 பிடரிக்குள்ள மற்றப் பக்கம் தாண்டித்தான் முண்ணாணுக்குள்ள போகுது. அதாலதான் வலது மூளையில இரத்தம் அடைச்சதுக்கு இடது கை விழுந்தது. முண்ணாணில வேற நரம்பு கட்டளைய வாங்கித் தசைக்குக் குடுக்கும். முதுகு முழுக்க ஓடுது எண்டு நான் நினைச்சிருந்த முண்ணாண் ஒரு முழம்தானாம், 45 சென்ரிமீற்றர் வரும். இடுப்புக்கு மேலயே முடிஞ்சிருது.

அப்பாட முண்ணாணுக்கும் தசைக்கும் ஒண்டும் இல்ல. அறுந்தது மேலயிருந்து வாற பாதை. கொட்டாவி மூளைட அடித்தண்டில இருந்து வேற பழைய பாதையால இறங்குது எண்டுதான் வைத்தியர்மார் கருதுறாங்க. மாமிக்கு இத விளங்கப்படுத்தினன். "அப்ப நாள் முழுக்கக் கொட்டாவி விடச் சொல்லு" எண்டா!

தங்கச்சி சொல்லி, இப்ப அலுமாரிக் கண்ணாடியக் கழட்டி மேசையில நிமிர்த்தி வெச்சிருக்கன். இடது கை கண்ணாடிக்குப் பின்னால. வலது கையால வலை நூலச் சுத்துறார், கண்ணாடியில இடது கை சுத்துற மாதிரித் தெரியுது. தமிழ்நாட்டில பிறந்து அமெரிக்காவில வேலை செய்யிற இராமச்சந்திரன் எண்ட வைத்தியர், வெட்டின கையில இன்னும் வலிக்குது எண்டு சொல்றவங்களுக்காக யோசிச்ச வழியாம் இது. 1999இல அவரும் கூட்டாளிமாரும் பாரிசவாதக்காரர் 9 பேருக்கு இதச் செய்து பார்த்து எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பலிக்காது எண்டும் தங்கச்சி சொன்னா. அப்பாக்கு முதல் நாள் வெக்கம். இப்ப அவரே கண்ணாடியத் துடைச்சு வைக்கிறார்.

நீ தைலம் ஒண்டும் அனுப்பாத. போன் எடுத்தா "கை எப்பிடி" எண்டு கேக்காம வலையப் பத்திக் கேள். அம்மாட்டயும் சொல்லு, ஊட்டிவிட வேணாம் எண்டு. நான் சொன்னாக் கேக்கிறா இல்ல.

நேற்றுப் பின்னேரம் இடது பெருவிரலும் சுட்டுவிரலும் நூல் முனையப் பிடிச்சிச்சு. பிடிச்சத விடத்தான் ஏலாமக் கிடந்தது. நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டன்.

அன்புடன்,
அக்கா